பலகையை ஒரு சாண் இறக்கியவருக்கு

மேடம்,

இன்று காலை எங்கள் பத்தாம் வகுப்பு அறையின் பழைய கரும்பலகையைக் கழற்றினார்கள். பச்சை நிறத்தில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. மாட்ட வந்த கொத்தனார் சுவரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பலகை தொங்கிய ஆணிகளுக்கு ஒரு சாண் மேலே, ஏழு வருஷமாக வாயைத் திறந்துகொண்டிருக்கும் அந்த இரண்டு துளைகளைக் காட்டிக் கேட்டார்.

“இன்னா டீச்சர், ரெண்டு எடத்துல அடிச்சி வச்சிக்கிறாங்க? மேல கீறதுதான் சரியான லெவலு. அதுலயே மாட்டிறட்டுமா?”

“வேணாம். கீழ இருக்கறதுல மாட்டுங்க. மேல இருக்கறத அடைச்சிடுங்க.”

அவர் ஒரு பழைய கிண்ணத்தில் மாவுக்கட்டுக்குப் போடும் அதே வெள்ளை மாவைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் குழைத்தார். அந்த ஈர வாசனை வந்ததுமே எனக்கு வலது முழங்கை குறுகுறுத்தது. அடைத்த துளைமேல் விரலை வைத்துப் பார்த்தேன். மாவு இறுக இறுகச் சுட்டது. உங்கள் அறையில் வாரா வாரம் என் கை அனுபவித்த அதே சூடு. கொத்தனார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று தை மாதத்திலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். உட்கார வைத்தது இந்த மாவுதான்.

உங்களை முதலில் பார்த்தபோது நான் இருந்த நிலைமை நினைவிருக்கிறதா? திண்டிவனம் மேம்பாலத்தடியில் ஸ்கூட்டியோடு சாய்ந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டு, ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட கையோடு வாரக்கணக்கில் கிடந்து, கடைசியில் கட்டை அவிழ்த்தால் கை நீள மாட்டேன் என்றது. மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. சாப்பிட முடிந்தது. தலை பின்ன முடியவில்லை. என் வீட்டுக்காரர் பின்னிவிட்டார், அந்தப் பின்னலோடு வெளியே போக எனக்குத்தான் தைரியம் வரவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய அடி, கரும்பலகையில் எழுத முடியாமல் போனது. நான் ஏற்கெனவே குள்ளம். கையும் பாதிதான் நீண்டால் பலகையின் மேல்பாதி எனக்கு இல்லை.

எங்கள் தலைமையாசிரியை கெட்டவர் அல்ல. ஆனாலும் ஏப்ரலில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “பொதுத்தேர்வு கிளாஸ் டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. ஜூன்ல போர்டுல எழுத முடிஞ்சா பத்தாங்கிளாஸ் உங்களுக்கு. முடியலன்னா இந்த வருஷம் ஆபீஸ்ல உக்காந்து ஆன்லைன் பதிவுங்களப் பாத்துக்கங்க.” பத்தொன்பது வருஷமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள் நான். என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஆதார் எண் தட்டச் சொன்னால் அது தண்டனை இல்லாமல் வேறென்ன?

அந்தக் கோபத்தோடுதான் விழுப்புரம் பஸ் ஏறினேன். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி உங்கள் பிசியோதெரபி அறைக்குள் நுழைந்தால், முழங்கை வரைக்கும் வெள்ளை மாவு அப்பிக்கொண்டு, ஏதோ வடை சுடுகிறவர் மாதிரி நின்றிருந்தீர்கள். என் பெயரைக் கேட்கவில்லை.

“முழங்கை வந்தாச்சா? உக்காருங்க முழங்கை. இந்தக் கணுக்கால முடிச்சிட்டு வர்றேன்.”

கணுக்கால் என்று நீங்கள் சொன்னது பனமலையிலிருந்து வந்த ஒரு விவசாயியை. பக்கவாதம் வந்து, ஒரு பக்கத்துக் குதிகால் தரையில் படாமல் தூக்கிக்கொண்டது அவருக்கு. அவருக்கும் எனக்கும் ஒரே வைத்தியம் என்றீர்கள். மனிதர் உடனே என்னைச் சக மாணவியாக ஏற்றுக்கொண்டார்.

“ஒரே நாள்ல இழுத்து நிமித்துனா கை கோச்சிக்கும் டீச்சர்” என்று ஆரம்பித்தீர்கள். “இன்னிக்கி அதுவா எம்மாந்தூரம் வருதோ, அங்க புடிச்சி மாவுக்கட்டு போட்டுருவேன். ஒரு வாரம் அங்கியே இருக்கட்டும். பழகிப்போயி, சரி தொலையட்டும்னு கொஞ்சம் விட்டுக்குடுக்கும். அப்பால கழட்டிட்டு, இன்னும் கொஞ்ச தூரம். மறுபடி கட்டு. அவ்ளோதான் சங்கதி.”

பிறகு கோணமானியை எடுத்துக் கையில் வைத்து, “அறுபது” என்றீர்கள். நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு நூற்றிருபது தெரிந்தது.

“கை நேரா இருந்தா சைபர். உங்களுக்கு நேரா வர அறுபது பாக்கி” என்றீர்கள்.

“நேரா இருந்தா நூத்தியெண்பது மேடம். அது நேர்கோணம். ஏழாங்கிளாஸ் பிள்ளைகூடச் சொல்லும்.”

“எங்க புக்குல சைபர்.”

“அப்ப உங்க புக்கு தப்பு.”

பனமலைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் என் அட்டையில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் உங்கள் அறுபது, வலப்பக்கம் என் நூற்றிருபது என்று எழுதினீர்கள். “ரெண்டையும் கூட்டுனா நூத்தியெண்பது வர்தா? வந்துச்சின்னா ரெண்டு பேரும் பாஸு.” அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் அளந்து முடித்ததும் நான் கூட்டிப் பார்த்து டிக் போட வேண்டும், பிறகுதான் நீங்கள் மாவுச்சுருளைத் தண்ணீரில் போடுவீர்கள். வெளியாள் பார்த்தால் இரண்டு பைத்தியங்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

நீங்கள் கட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் துணி உறை, அதன்மேல் பஞ்சு, எலும்பு துருத்தும் இடத்தில் இன்னும் ஒரு சுற்றுப் பஞ்சு, அப்புறம் ஈரச் சுருள். மாவு இறுகும் வரை உள்ளங்கையால்தான் தாங்குவீர்கள். விரல் நுனி பட்டால் பள்ளம் விழும், பள்ளம் உள்ளே போய்த் தோலை அழுத்தும் என்பீர்கள். அந்தச் சில நிமிஷங்கள் மட்டும் பேசமாட்டீர்கள். மற்ற நேரமெல்லாம் பேச்சுதான். முதல் தடவை கட்டை அறுக்கும் மிஷினை நீங்கள் போட்டதும் நான் நாற்காலியோடு பின்னால் போனேன். அதை உங்கள் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினீர்கள். “கெட்டியா இருக்கறதத்தான் அறுக்கும். மெத்துனு இருக்கறத ஒண்ணும் பண்ணாது.” அப்புறம் ஒரு நொடி விட்டு, “உங்கள அறுத்துருமோன்னுதான் பயம்” என்றீர்களே, அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. இன்னும் சிரிக்கிறேன்.

நாற்பத்தைந்து வயதில் புது சிநேகிதி கிடைப்பாள் என்று யார் நினைத்தார்கள்? உங்களுக்கும் அதே வயது. பெருமுக்கல் பக்கம் உங்கள் ஊர். அம்மாவும் அப்பாவும் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போனவர்கள் என்றும், நீங்கள் பிசியோதெரபி படிக்கப் போனபோது ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவருக்கும் தெரியாததால் ‘கை கால் புடிச்சி வுடற டாக்டரு’ என்று உங்கள் அப்பாவே பெருமையாகச் சொல்லித் திரிந்தார் என்றும் சொன்னீர்கள். வாரா வாரம் நான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை வாங்கி வருவேன். நீங்கள் தோலை உரித்துக் கடலையை எடுப்பீர்கள், மூன்று பேரும் தின்போம்.

மே மாதம் பிறந்தது. கத்திரி வெயில். மாவுக்கட்டுக்குள் கை வெந்தது. அறுபது ஐம்பத்திரண்டானது, நாற்பத்தைந்தானது, முப்பத்தெட்டானது. பனமலைக்காரரின் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் மட்டுமே நுழைந்தது. “டீச்சர் கை இன்னிக்கி எத்தினி மார்க்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் அவர் தன் காலை நீட்டுவார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அரிப்பைத் தவிர.

அதற்குத்தான் முதல் நாளே எச்சரித்திருந்தீர்கள். “குச்சி, ஸ்கேலு, பேனா, தொடப்பக் குச்சி, எதையும் உள்ள வுடக்கூடாது. அரிச்சா மேல தட்டுங்க, பேன் காத்துல காட்டுங்க.” நான் தலையாட்டினேன். நாலாவது கட்டுப் போட்ட மறுநாள் மத்தியானம், மின்சாரம் போய், வேர்வை ஓடி, கட்டுக்குள் கட்டெறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. மேஜைமேல் புது சாக்பீஸ் பெட்டி. நீளம் போதும், மழமழவென்றும் இருக்கிறது. இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், உங்கள் பட்டியலை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், மேடம். சாக்பீஸ் அதில் இல்லை. நீங்கள் ‘எதையும்’ என்று சொன்னதைச் சௌகரியமாக மறந்துவிட்டேன். கணக்கு டீச்சர் புத்தி.

மேல்புறமாக உள்ளே விட்டேன். என்ன ஒரு சுகம். மூன்றாவது தேய்ப்பில் டக்கென்று உடைந்தது. பாதி கையில், பாதி உள்ளே.

உடனே உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டேன், ஆனால் பாதிதான் சொன்னேன். “உள்ள லேசா உறுத்துது மேடம்” என்றேன். நீங்கள் ஏதோ முகாமில் இருந்தீர்கள், பின்னால் ஒரே சத்தம். “பஞ்சு சுருண்டிருக்கும், திங்கக்கெழம பாத்துக்கலாம்” என்றீர்கள். அப்பாடா என்று வைத்துவிட்டேன். சொன்னால் கட்டைப் பிரிப்பீர்கள், ஒரு வாரம் வீணாகும், ஜூன் கை நழுவும், நான் ஆபீசில் ஆதார் எண் தட்டுவேன். என் தலைக்குள் ஓடியது இதுதான். நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டேன். உறுத்தல் எரிச்சலானது, எரிச்சல் பிறகு அடங்கியது. அடங்கியதும் குணமாகிவிட்டது என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

திங்கட்கிழமை கட்டை அறுத்துப் பிரித்தீர்கள். பஞ்சில் ஈரம். மேல்கையில், முழங்கைக்குச் சற்று மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். அதன் நடுவில் என் சாக்பீஸ். பனமலைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீங்கள் இடுக்கியால் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

“எப்ப வுட்டீங்க?”

“செவ்வாக்கெழம.”

“நோவலியா?”

“நொந்துச்சு. சொன்னா கட்டப் பிரிச்சிருவீங்கன்னு...”

உங்கள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். “டீச்சர், எனக்கு உங்க கை உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியாது. மேல இருந்து பாத்தா வெறும் மாவு. நோவுதுன்னு நீங்க சொன்னாத்தான் எனக்குக் கண்ணு. நோவ மறைச்சீங்கன்னா நான் எத்த வச்சி வேல பாப்பேன்?” அழுகை வந்துவிட்டது எனக்கு. புண்ணுக்காக இல்லை, கைநழுவப் போகிற ஜூனுக்காக. நீங்கள் மருந்து வைத்துத் துணி சுற்றிக்கொண்டே கொஞ்சம் தணிந்தீர்கள். “நீங்க மறைச்சீங்க. நானும் போன்ல சரியாக் கேக்கல. அன்னிக்கே ஜல்தியா வரச் சொல்லியிருக்கணும். தப்பு ரெண்டு பக்கமும்தான். கூட்டிக்கங்க.”

பத்து நாள் கட்டு இல்லை. முப்பத்தெட்டு நாற்பத்திரண்டாக ஏறியது. அட்டையில் நீங்கள் அதை எழுதியபோது நான் டிக் போடவில்லை. நீங்களே என் கையைப் பிடித்துப் போடவைத்தீர்கள். புண் ஆறியதும் மறுபடி கட்டு, முப்பத்திமூன்று, மறுபடி, இருபத்தைந்து. பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கும்போது கடைசிக் கட்டை இரண்டு பாதியாக அறுத்து, ராத்திரியில் கையை அதற்குள் வைத்துப் பட்டையால் கட்டிக்கொள்ளத் தந்தீர்கள். பனமலைக்காரர் அன்று செருப்புப் போட்டு நடந்து காட்டினார். நான் உங்கள் அறைச் சுவரில், எங்கள் பலகை இருக்கும் என்று தோன்றிய உயரத்துக்குக் கையை நீட்டினேன். எட்டவில்லை.

“போர்டு எவ்ளோ உசரம்?” என்று கேட்டீர்கள்.

எனக்குத் தெரியவில்லை.

“கோணம் கோணம்னு ரெண்டு மாசமா என்கிட்ட சண்ட போட்டீங்களே, போர்ட ஒரு தபா அளந்தீங்களா?” என்று சொல்லிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டீர்கள். “நான் மொத நாளே கேட்டிருக்கணும். கையையே பாத்துக்கினு இருந்துட்டேன். பேஜாரு.”

மறுநாள் சனிக்கிழமை, உங்களுக்கு விடுமுறை. திண்டிவனம் வந்து இறங்கினீர்கள், தோளில் ஒரு பை, பைக்குள் அளவு நாடா. பூட்டியிருந்த வகுப்பறையை வாட்ச்மேன் திறந்துவிட்டார். என்னைப் பலகை முன்னால் நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்லி, விரல் தொட்ட இடத்தில் புள்ளி வைத்து, மேல்வரி வரைக்கும் அளந்தீர்கள். ஒரு சாண் பாக்கி.

“இத்தினி நாளு கையத்தான் போர்டுக்கு இட்டாந்தோம். போர்டு கொஞ்சம் கைக்கு வந்தா இன்னாவாம்?” என்றீர்கள். வாட்ச்மேனிடம் சுத்தியல் வாங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெஞ்சுமேல் ஏறினீர்கள். அவரும் நீங்களும் பலகையை இறக்கி, ஒரு சாண் கீழே ஆணி அடித்து மாட்டிய சமயத்தில் வாசலில் தலைமையாசிரியை வந்து நின்றார்.

“யாரைக் கேட்டு இதெல்லாம்?”

நீங்கள் பெஞ்சிலிருந்து இறங்கி, சுத்தியலை முந்தானையில் துடைத்து, ஒரு கும்பிடு போட்டீர்கள். “டீச்சருக்கு வைத்தியம் பண்றவ மேடம். வைத்தியத்துல இதுவும் சேர்த்தி. கடைசி பெஞ்சு பசங்களுக்குத் தெரியலன்னா நானே மேல ஏத்திட்டுப் போறேன். வாங்க, குந்திப் பாக்கலாம்.”

அவர் திகைத்துப்போய் உங்கள் பின்னால் வந்தார். இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். நான் மரக்காம்பஸை எடுத்தேன். இடக்கையால் நடுவில் ஊன்றி, வலக்கையால் மேலே கொண்டுபோய், மெதுவாக இறக்கி, மறுபடி மேலே. ஆரம்பித்த இடத்தில் கோடு வந்து சேர்ந்தது. வட்டம். முழு வட்டம். திரும்பிப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது, முகம் சரியில்லை.

தலைமையாசிரியை எட்டி எட்டிப் பார்த்தார். “எல்லாம் தெரியுது. கடைசி வரி மட்டும் முன்னாடி இருக்கற பிள்ளைங்க தலை மறைக்கும்.”

“அப்ப கடைசி வரில எழுதாதீங்க டீச்சர்” என்று நீங்கள் பெஞ்சிலிருந்தே கத்தினீர்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு எனக்கே கிடைத்தது.

ஏழு வருஷமாகக் கடைசி வரியில் நான் எழுதியதில்லை. பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. டீச்சருக்கு அந்த வரி ஆகாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். ராத்திரிப் பட்டையும் பயிற்சியுமாக, தீபாவளிக்குள் இருபத்தைந்து பத்தாகக் குறைந்தது. அதற்கு மேல் நகரவில்லை. “அந்தப் பத்து என் ஞாபகமா இருக்கட்டும்” என்று அன்று விளையாட்டாகத்தான் சொன்னீர்கள்.

தை மாதம் பனமலைக்காரர் போன் செய்து, நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்றார். வயிற்றுவலியை எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தீர்களாம். நோயாளிகளுக்குக் கட்டு தள்ளிப்போகும் என்றீர்களாம். எனக்குத் துக்கத்தைவிட முதலில் வந்தது கோபம்தான். என்னை அந்தச் சத்தம் போட்டீர்களே, அந்தச் சட்டம் உங்களுக்குக் கிடையாதா? அதற்கு முன்பே போனில் ஒரு நாள் உங்கள் குரல் களைத்திருந்தது. “ஒண்ணுமில்ல, வெயிலு” என்றீர்கள். நானும் சரியாகக் கேட்கவில்லை. கூட்டிக்கொள்கிறேன், மேடம். வேறென்ன செய்ய?

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் கணக்குப் போட்டு முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்பேன். எல்லோரும் “புரிஞ்சுது டீச்சர்” என்பார்கள், பாதிப் பேர் பயத்தில். இப்போது “எந்த வரில நோவுது?” என்று கேட்கிறேன். முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம் ஒருத்தி கை தூக்குகிறாள், “மூணாவது வரில டீச்சர்” என்கிறாள்.

கொத்தனார் போன பிறகு புதுப் பலகை முன்னால் நான் மட்டும் நின்றேன். உங்கள் ஆணிகள் இருந்த உயரத்திலேயே இருக்கிறது. பெட்டியிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, குனிந்து, முதல் தடவையாகக் கடைசி வரியில் எழுதினேன்.

10 + 170 = 180.

பக்கத்தில் டிக்கும் போட்டேன். முதல் மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். முன் பெஞ்சுக்காரி அதைப் பார்த்துவிட்டு, “டீச்சர், கடைசி வரில எழுதியிருக்கீங்க, பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியாதே” என்றாள்.

“தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும், உக்காரு” என்றேன். இன்றைய பாடம் வட்டங்கள்.